‘காரணம்: கஞ்சா’ என்று எழுதியது யார்?

1893 மார்ச் 2ஆம் தேதி. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையில் டபிள்யூ. எஸ். கெய்ன் என்ற உறுப்பினர் வங்காளத்தில் விளையும் கஞ்சாவைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். மதுவிலக்குக்காக விடாமல் வாதாடிவந்தவர் அவர். கஞ்சா மக்களின் உடலையும் ஒழுக்கத்தையும் என்ன செய்கிறது என்று விசாரிக்க வேண்டும் என்றார். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் இந்தியக் கஞ்சா ஆணையம். ஏழு உறுப்பினர்கள், அவர்களில் மூவர் இந்தியர்கள். நாடெங்கும் 1,193 பேரிடம் சாட்சியம் பெற்று, 1894இல் அறிக்கையை முடித்தார்கள்.

அந்த அறிக்கையில் மனநோய் விடுதிகளைப் பற்றிய பகுதியை இன்று ஆய்வு செய்கிறவர்களும் ஆய்வுச் செய்தி எழுதுகிறவர்களும் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். 1892ஆம் ஆண்டில் இந்திய மனநோய் விடுதிகளில் சேர்க்கப்பட்டவர்கள் 1,344 பேர். அவர்களில் 222 பேருக்கு, பதிவேட்டில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் கஞ்சாவும் அதன் இனப் பொருட்களும் குறிக்கப்பட்டிருந்தன. கஞ்சா பைத்தியம் பிடிக்க வைக்கும் என்ற பேச்சுக்கு இந்தக் கணக்குத்தான் சான்றாகக் காட்டப்பட்டுவந்தது. ஆணையம் அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. 222 பேரின் கதையையும் ஒவ்வொன்றாகத் திரும்ப விசாரித்தது. பல பதிவுகளில் அந்தக் கட்டத்தை நிரப்பியதில் மருத்துவருக்குப் பங்கே இல்லை. நோயாளியைக் கொண்டுவந்து ஒப்படைத்த போலீஸ்காரர் சொன்னது, சொன்னபடியே ஏறியிருந்தது. காரணம் தெரியாத இடத்தில் கஞ்சா கைக்கு எளிதான காரணமாக இருந்தது. மறுவிசாரணையின் முடிவில் 98 பேருக்கு மட்டுமே கஞ்சாவைக் காரணமாகச் சொல்ல நியாயம் இருந்தது. அந்த 98 பேரிலும் 37 பேருக்கு வேறு காரணங்களும் கலந்திருந்தன.

நூற்று முப்பது ஆண்டுகள் கழிந்தும் ‘காரணம்’ என்ற அந்தக் கட்டம் நம்மோடு இருக்கிறது. தமிழ் நாளிதழ்களில் ‘கஞ்சா போதையில்’ என்று தொடங்கும் தலைப்பு இல்லாத வாரம் அரிது. மறுபக்கம், கஞ்சா எந்தத் தீங்கும் செய்யாத மூலிகை, புற்றுநோயைக்கூடக் குணமாக்கும் என்று சொல்லும் காணொளிகள் கைபேசிகளில் சுற்றுகின்றன. இரண்டு தரப்பும் ‘ஆய்வுகள் சொல்கின்றன’ என்ற சொல்லையே துணைக்கு அழைக்கின்றன. ஆய்வுகள் உண்மையில் எவ்வளவு சொல்கின்றன, அவற்றில் எதை நம்பலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று எடைபோடுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம். என் உரைகல் அந்த ஆணையம் கேட்ட கேள்விதான்: கட்டத்தை நிரப்பியது யார்? எதைப் பார்த்து நிரப்பினார்?

வேதியியல் தந்த வெளிச்சம்

கஞ்சா ஆய்வின் முதல் பெருமை, அது வதந்தியின் இடத்தில் பொருளைக் கொண்டுவந்து வைத்தது. 1839இல், கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் வில்லியம் புரூக் ஓஷாக்னசி கஞ்சாவை முதலில் விலங்குகளுக்கும் பிறகு நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்ததை எழுதினார். இசிவு நோயிலும் குழந்தைகளின் வலிப்பிலும் அது தந்த தணிவை அவர் பதிவு செய்தார். அதன் பிறகே ஐரோப்பிய மருத்துவர்கள் அதைப் பெருமளவில் கையில் எடுத்தார்கள். ஆனால் சாறு ஒரு புட்டியில் வீரியமாக இருக்கும், அடுத்த புட்டியில் ஒன்றுமில்லாமல் போகும். உள்ளே வேலை செய்யும் பொருள் எது என்று தெரியாதவரை அளவு சொல்ல வழியில்லை. அபினியிலிருந்து மார்ஃபின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்தெடுக்கப்பட்டுவிட்டது. கஞ்சாவோ 1964 வரை காத்திருந்தது.

அந்த ஆண்டு இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரஃபேல் மெஷூலமும் யெஹியேல் காவோனியும் போதை தரும் டி.எச்.சி. என்ற பொருளைத் தனியே பிரித்து அதன் அமைப்பைச் சொன்னார்கள். ஆய்வுக்கான சரக்கு, போலீஸ் கைப்பற்றி வைத்திருந்த ஐந்து கிலோ ஹஷீஷ். அது மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்ற கேள்விக்கு 1988இல் விடை கிடைத்தது. ஆலின் ஹவுலெட்டும் வில்லியம் டெவேனும் அதற்கென்றே மூளையில் ஏற்பிகள் இருப்பதைக் காட்டினார்கள். செடியின் பொருளுக்காக மூளை ஏன் ஏற்பிகளை வைத்திருக்க வேண்டும்? உடலே அப்படி ஒன்றைச் சுரக்க வேண்டும் என்று தேடியபோது 1992இல் மெஷூலமின் குழு அதைக் கண்டது. ஆனந்தம் என்ற சொல்லிலிருந்து அதற்கு ‘ஆனந்தமைட்’ என்று பெயர் வைத்தார்கள்.

பார்த்து மட்டுமே சொல்லிவந்த பல விஷயங்களுக்கு இதனால் விளக்கம் கிடைத்தது. நினைவைப் பதிக்கும் மூளைப் பகுதியிலும் அசைவைச் சீராக்கும் பகுதிகளிலும் இந்த ஏற்பிகள் அடர்த்தியாக உள்ளன. புகைத்தவர் ஐந்து நிமிடத்துக்கு முன் பேசியதை மறப்பதும், வண்டி ஓட்டும்போது கையும் கண்ணும் ஒத்துழைக்காததும் இதனால்தான். மூச்சை இயக்கும் மூளைத்தண்டில் அவை மிகக் குறைவு. அபினி வகை மருந்துகள் அளவு மீறினால் மூச்சை நிறுத்துவதுபோல் கஞ்சா நிறுத்துவதில்லை என்பதற்கான காரணமும் அதுவே.

பொறியமைப்பைத் தெரிந்துகொண்டதாலேயே மனிதரின் நடத்தை முழுவதும் தெரிந்துவிடாது என்ற பாடத்தையும் இதே துறை கற்றது. கஞ்சா பசியைத் தூண்டுகிறது. அப்படியானால் அதே ஏற்பியை அடைத்தால் பசி குறையும், உடல் இளைக்கும் என்ற கணக்கில் ரிமோனபான்ட் என்ற மருந்து உருவானது. 2006இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. எடை குறைந்தது உண்மை. கூடவே மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வந்தன. 2008இல் மருந்து திரும்பப் பெறப்பட்டது.

மருந்தாகக் கஞ்சா

அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுச் சுருக்கங்களை அலசி 2017இல் ஒரு பேரறிக்கை வெளியிட்டன. இந்தத் துறையில் இதுவரை நடந்த தொகுப்பு முயற்சிகளில் நிதானமானது அது. நல்ல சான்று இருப்பதாக அது ஒப்புக்கொண்ட பயன்கள் மூன்றே: பெரியவர்களின் நாள்பட்ட வலி, புற்றுநோய்க்கான கீமோதெரபியால் வரும் வாந்தி, மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் நோயாளிகள் உணரும் தசை இறுக்கம். மூலிகைப் பிரசாரம் சொல்லும் நீண்ட பட்டியலில் மற்றவற்றுக்கு இருந்த சான்று அதைவிட மெலிவு; பல ‘சான்று போதாது’ என்ற வரிசைக்குப் போய்விட்டன.

சோதனை எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு சி.பி.டி. இது கஞ்சாவில் உள்ள, போதை தராத பொருள். டிராவே என்ற கடும் வலிப்பு நோய் உள்ள 120 குழந்தைகளையும் இளையோரையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு சி.பி.டி.யும் மறுபாதிக்கு வெற்று மருந்தும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மாதத்துக்கு 12.4 ஆக இருந்த வலிப்பின் நடுவளவு மருந்து பெற்றவர்களிடம் 5.9 ஆகக் குறைந்தது. வெற்று மருந்து பெற்றவர்களிடம் 14.9லிருந்து 14.1க்கு நகர்ந்ததோடு நின்றது. 2017இல் வெளியான இந்த முடிவும் இதைப் போன்ற பிற சோதனைகளும் 2018இல் அமெரிக்க அனுமதிக்கு வழிவகுத்தன. மயக்கம், வயிற்றுப்போக்கு, கல்லீரல் நொதிகள் உயர்வு ஆகிய பக்க விளைவுகளும் அதே ஆய்வில் மறைக்காமல் எழுதப்பட்டன. நிறையையும் குறையையும் ஒரே தாளில் எழுதுவதுதான் ஆய்வின் நேர்மை.

வலியைப் பற்றிய ஆய்வுகளோ இவ்வளவு தெளிவானவை அல்ல. டி.எச்.சி. உள்ள மருந்தை வாங்கியவருக்குத் தலை லேசாகச் சுற்றும்; தனக்குக் கிடைத்தது உண்மையான மருந்துதான் என்று அவர் ஊகித்துவிடுவார். ஊகித்ததுமே வலி குறைந்ததாகத் தோன்றும். 2022இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 20 சோதனைகளில் பங்கேற்ற 1,459 பேரின் கணக்கை எடுத்தது. கஞ்சா மருந்து பெற்றவர்கள் சொன்ன வலிக்குறைவில் மூன்றில் இரண்டு பங்கு, வெற்று மருந்து பெற்றவர்களிடமும் காணப்பட்டது. பத்திரிகைகளும் ஊடகங்களும் இந்தச் சோதனைகளுக்குத் தந்த வரவேற்பு, முடிவு எப்படி இருந்தாலும் பெரும்பாலும் உற்சாகமாகவே இருந்ததையும் அந்த ஆய்வு காட்டியது. வலியோடு வாழ்கிறவரின் நம்பிக்கையை நான் குறைவாக மதிக்கவில்லை. அந்த நம்பிக்கையையே சந்தையாக மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மனம் பிறழ்வது கஞ்சாவாலா?

மனநல மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் பத்தொன்பது வயது மகனோடு உட்கார்ந்திருக்கும் ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். யாரோ தன்னைக் கண்காணிப்பதாக அவன் சொல்கிறான். தூங்குவதில்லை. அவள் மருத்துவரிடம் கேட்பாள்: “கஞ்சாவாலதான் இப்படி ஆயிட்டானா டாக்டர்?” 1892இன் பதிவேட்டுக் கட்டம் இங்கே உயிருள்ள கேள்வியாக எதிரே நிற்கிறது.

முதல் பெரிய விடை 1987இல் சுவீடனிலிருந்து வந்தது. கட்டாய ராணுவப் பணிக்கு வந்த 45,570 இளைஞர்களிடம் போதைப் பழக்கம் பற்றிக் கேட்டுவிட்டு, அடுத்த 15 ஆண்டுகள் மருத்துவமனைப் பதிவுகளில் அவர்களைத் தொடர்ந்தார்கள். 50 முறைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியிருந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வந்த விகிதம், தொடாதவர்களைப்போல் 6 மடங்கு. இந்த ஆய்வின் வலிமை, நோய் வருவதற்கு முன்பே பழக்கத்தைக் கேட்டுப் பதிவு செய்தது. நோய் வந்தபின் காரணம் தேடிய 1892இன் முறையை இது தலைகீழாகத் திருப்பியது.

குறைகளும் உண்டு. ராணுவ அதிகாரியின் முன்னால் உட்கார்ந்து எத்தனை இளைஞர்கள் உண்மை சொல்லியிருப்பார்கள்? ஆம்ஃபெட்டமைன் போன்ற வேறு போதைப் பொருட்களின் பங்கு என்ன? சேரும்போதே மனக்கலக்கம் இருந்தவர்கள் எத்தனை பேர்? இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்த பின்னாளைய அலசலில் 6 மடங்கு சுமார் 3 மடங்காக இறங்கியது. இறங்கியதே தவிர, மறைந்துவிடவில்லை. அதிகம் பயன்படுத்தியவர்களிலும் மனச்சிதைவு வந்தவர்கள் நூற்றுக்கு 3 பேருக்கும் குறைவு. ‘6 மடங்கு’, ‘100க்கு 3’ ஆகிய இரண்டும் ஒரே ஆய்வின் உண்மைகள். ஒன்றைச் சொல்லி மற்றதை விடுகிறவர் வாசகரை ஏமாற்றுகிறார்.

2019இல் மார்ட்டா டி ஃபோர்ட்டி தலைமையில் ஐரோப்பாவிலும் பிரேசிலிலுமாக 11 இடங்களில் நடந்த ஆய்வு அடுத்த படியை எடுத்தது. முதல்முறையாக உளப்பிறழ்வு ஏற்பட்ட 901 பேரையும் அந்தந்த ஊரின் பொதுமக்கள் 1,237 பேரையும் ஒப்பிட்டது. தினமும் பயன்படுத்தியவர்களுக்கு வாய்ப்பு 3 மடங்குக்குச் சற்று மேல், டி.எச்.சி. 10 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள வீரியமான கஞ்சாவைத் தினமும் பயன்படுத்தியவர்களுக்கு ஏறக்குறைய 5 மடங்கு. அளவு கூடக் கூட ஆபத்தும் கூடுவது, காரணத் தொடர்புக்கு ஆதரவான வலுவான அடையாளம்.

எதிர்வாதமும் அற்பமானதல்ல. மனச்சிதைவுக்கான மரபுக்கூறு உள்ளவர்கள் கஞ்சாவை நாடும் வாய்ப்பே கூடுதலாக இருக்கலாம். 1,80,000க்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தரவை வைத்து 2018இல் நடந்த ஆய்வு அந்தத் திசைக்கு ஆதரவு தந்தது. நோயின் தொடக்கக் கலக்கத்தைத் தணித்துக்கொள்ளப் புகைக்கிறவர்களும் உண்டு. என் மதிப்பீடு இது: இரண்டு திசையிலும் ஓட்டம் இருக்கிறது. கஞ்சா தனியாக நோயை உண்டாக்கப் போதாது; ஏற்கனவே சரிவில் நிற்கிறவரைத் தள்ளிவிடப் போதும். அந்தத் தாயின் கேள்விக்கு மருத்துவர் நேர்மையாகச் சொல்லக்கூடிய விடையும் இதுதான். மடங்குக் கணக்கு கூட்டத்துக்கு உரியது. அவள் மகன் ஒருவனின் கட்டத்தை அதை வைத்து நிரப்ப முடியாது. ஆனால் இனி அவன் தொடக் கூடாது என்று சொல்ல அது தாராளமாகப் போதும்.

எட்டுப் புள்ளிகளின் கதை

ஆய்வு தன்னைத் தானே திருத்திக்கொள்வதைப் பார்க்க வேண்டுமென்றால் நியூசிலாந்தின் டனீடின் நகரத்துக்குப் போக வேண்டும். அங்கே 1972–73இல் பிறந்த 1,037 பேரைக் குழந்தைப் பருவத்திலிருந்து தொடர்ந்துவருகிறார்கள். 2012இல் மேடலின் மையரும் குழுவினரும் இவர்களின் அறிவுத்திறன் அளவை 13 வயதுக்கும் 38 வயதுக்கும் ஒப்பிட்டார்கள். பதின்வயதில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் கஞ்சாவுக்கு அடிமையாக இருந்தவர்கள் சராசரியாக 8 புள்ளிவரை இழந்திருந்தார்கள். வளர்ந்தபின் தொடங்கியவர்களிடம் அந்த இழப்பு இல்லை. செய்தி உலகம் முழுக்கப் பரவியது.

சில மாதங்களில் நார்வேயின் ஓலே ரோகபர்க் ஓர் ஐயத்தை எழுப்பினார். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் சீக்கிரம் படிப்பை விடுகிறார்கள். கஞ்சாவையும் சீக்கிரம் தொடுகிறார்கள். படிப்பு நின்றாலே அறிவுத்திறன் அளவு சரியும். அப்படியானால் சரிவு கஞ்சாவின் கணக்கா, வறுமையின் கணக்கா? நடுத்தரக் குடும்பத்தவரை மட்டும் எடுத்தாலும் அதே முடிவுதான் வருகிறது என்று மையர் குழு பதில் சொன்னது. 2016இல் அமெரிக்காவில் இரட்டையர்களை வைத்து ஒப்பிட்டார்கள். ஒரே வீடு, ஒரே பெற்றோர். ஒருவர் கஞ்சா பயன்படுத்தியவர், மற்றவர் தொடாதவர். இருவருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. குடும்பச் சூழலுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை அது உணர்த்தியது.

இதை வைத்து ‘பார்த்தீர்களா, ஒன்றும் ஆகாது’ என்று முடித்துவிடவும் கூடாது. இரட்டையர் ஆய்வுகளில் ஆண்டுக்கணக்கில் கடுமையாகப் பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு. பின்தொடர்ந்த காலமும் 38 வயது வரை போகவில்லை. இரண்டு ஆய்வுகளும் ஒரே மனிதர்களைப் பற்றிப் பேசவில்லை. எப்போதாவது தொட்டவருக்கு நிலையான இழப்பு என்பதற்குச் சான்று மெலிவு; பதினைந்து வயதில் தொடங்கித் தினமும் பயன்படுத்துகிறவருக்கு ஆபத்து இல்லை என்று சொல்லவும் சான்று இல்லை. ஒரு கட்டுரை, அதற்கு மறுப்பு, மறுப்புக்குப் பதில், பிறகு வேறு முறையில் ஒரு சோதனை என்று நான்கு ஆண்டுகள் வெளிப்படையாக நடந்த இந்த வழக்காடலை நான் ஆய்வுலகின் தோல்வியாகப் பார்க்கவில்லை. அதன் நிறைகளில் இதுவே தலையானது.

நடத்தையைப் பற்றிய முடிவுகள்

மனிதரின் நடத்தைக்கு வரும்போது ஆய்வின் கால் அதிகம் தடுமாறுகிறது. 1971இல் இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்களிடம் வந்த 38 இளைஞர்களை மட்டும் வைத்து, கஞ்சா முனைப்பைக் கொன்றுவிடுகிறது என்றும் மனக்கோளாறுகளை உண்டாக்குகிறது என்றும் எழுதினார்கள். மருத்துவரைத் தேடி வந்தவர்கள் மட்டுமே அந்தக் கணக்கில் இருந்தார்கள், வராதவர்கள் இல்லை. ஆனால் ‘கஞ்சா அடித்தால் சோம்பேறி’ என்ற படிமத்துக்கு அறிவியல் முத்திரை கிடைத்துவிட்டது.

1975இல் டெனிஸ் காண்டல் வேறொன்றைக் கவனித்தார். இளைஞர்கள் பீர், சிகரெட், கஞ்சா, பிறகு கடும் போதைப் பொருள் என்று ஒரு வரிசையில் போகிறார்கள் என்றார். வரிசை இருப்பது உண்மை. முன்னது பின்னதைக் கொண்டுவருகிறதா என்பது வேறு கேள்வி. 2003இல் ஆஸ்திரேலியாவில் 311 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தபோது, 17 வயதுக்கு முன் கஞ்சா தொட்டவர் பிற்காலத்தில் வேறு போதைப் பொருட்களைப் பயன்படுத்தும் வாய்ப்பு, தொடாத இரட்டையரைவிட 2 முதல் 5 மடங்கு கூடுதலாக இருந்தது. குடும்பமும் மரபும் மட்டுமே விளக்கமல்ல என்பது இதில் தெரிந்தது. கஞ்சாவின் வேதியியல் அவரை அங்கே இழுத்ததா, பொட்டலம் விற்றவரின் பழக்கம் இழுத்ததா என்பதை இரட்டையர் ஆய்வாலும் பிரிக்க இயலவில்லை.

இந்தத் துறையில் என்னை அதிகம் எச்சரித்த கதை ஒன்று உண்டு. 2014இல் ஓர் ஆய்வு, மருத்துவக் கஞ்சாவுக்கு அனுமதி தந்த அமெரிக்க மாநிலங்களில் அபினி வகை வலிமருந்துகளால் நேரும் மரணம் எதிர்பார்த்ததைவிடச் சுமார் 25 சதவீதம் குறைவு என்றது. 1999 முதல் 2010 வரையிலான கணக்கு அது. கஞ்சா உயிர்களைக் காக்கிறது என்று சட்டமன்றங்களில் வாதிட்டார்கள். 2019இல் வேறு ஆய்வாளர்கள் அதே முறையை அப்படியே எடுத்து, ஆண்டுகளை மட்டும் 2017 வரை நீட்டினார்கள். முடிவு திசை மாறியது: மரணம் சுமார் 23 சதவீதம் அதிகம். கஞ்சா முதலில் காப்பாற்றிப் பிறகு கொன்றது என்று இதற்குப் பொருளில்லை. மாநிலங்களின் சராசரியை வைத்துத் தனிமனிதரின் நடத்தையைச் சொல்ல முயன்றதே தவறு. அதே சட்டம் வந்த மாநிலங்களில் வேறு நூறு விஷயங்களும் மாறிக்கொண்டிருந்தன.

ஆய்வுக்கூடத்துக் கஞ்சாவும் தெருக் கஞ்சாவும்

இதுவரை சொன்ன குறைகள் முறையின் குறைகள், முறையாலேயே திருத்தலாம். அமைப்பின் குறைகள் இன்னும் ஆழமானவை. அமெரிக்கா 1970இல் கஞ்சாவை, மருத்துவப் பயன் அற்றது என்ற முதல் அட்டவணையில் வைத்தது. பயன் உண்டா என்று ஆராய அனுமதி கேட்பவரிடம், பயன் இல்லை என்ற சட்டம் முன்கூட்டியே விடை சொல்லிவிட்டது. 1968 முதல் அரை நூற்றாண்டுக்கு மேல், அந்நாட்டில் ஆய்வுக்கான கஞ்சா மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் ஒரே தோட்டத்திலிருந்துதான் வந்தது. 2021இல்தான் மற்றவர்களுக்கும் உரிமம் கிடைத்தது. கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் டி.எச்.சி.யின் சராசரி 1995இல் 4 சதவீதமாக இருந்து 2014இல் 12 சதவீதமானது. கடைகளில் விற்பது அதையும் தாண்டிப் போய்விட்டது. மக்கள் புகைப்பது ஒன்று, ஆய்வுக்கூடத்தில் சோதிப்பது வேறொன்று என்ற நிலையில் எத்தனையோ முடிவுகள் எழுதப்பட்டன.

பணமும் கேள்வியை வளைக்கிறது. அமெரிக்காவில் கஞ்சா ஆய்வுக்கு அதிகம் செலவிட்ட அரசு நிறுவனம், போதைப் பழக்கத்தின் தீங்கை ஆராய என்றே 1974இல் தொடங்கப்பட்டது. தீங்கைத் தேடியவர்கள் தீங்கைக் கண்டார்கள். பயனைத் தேட ஆளில்லை. உருகுவே 2013இலும் கனடா 2018இலும் சட்டபூர்வமாக்கிய பிறகு காற்று எதிர்த்திசையிலிருந்து வீசுகிறது. கஞ்சா நிறுவனங்களுக்கு இன்று நன்மையைக் காட்டும் ஆய்வுகள் தேவை. நான் புகழ்ந்த 1894இன் ஆணையத்துக்கும் இந்தக் கறை உண்டு. மிதமான பயன்பாட்டால் பெருந்தீங்கில்லை, தடை வேண்டாம், வரி விதித்துக் கட்டுப்படுத்தலாம் என்று அது பரிந்துரைத்தது. அந்த வரியை வசூலித்துவந்த அரசாங்கமே ஆணையத்தை அமைத்திருந்தது. 222 பதிவுகளைத் திரும்ப விசாரித்த நேர்மைக்குத் தலைவணங்கும்போதே இதையும் மறக்கக் கூடாது.

இன்னொரு குறை, அளவு. மதுவுக்கு மில்லிலிட்டர் கணக்கும் சதவீதக் கணக்கும் உண்டு. கஞ்சா ஆய்வுகள் பல காலமாக ‘எத்தனை முறை’ என்று மட்டுமே கேட்டன. எவ்வளவு, என்ன வீரியம், புகையிலை கலந்ததா, புகையா தின்பண்டமா என்று கேட்கவில்லை. வாய்வழி உண்டால் போதை ஏற அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும், கல்லீரல் டி.எச்.சி.யை இன்னும் வீரியமான பொருளாக மாற்றும். ஒன்றும் ஆகவில்லையே என்று மேலும் தின்றவர் அவசரப் பிரிவுக்குப் போவது இதனால்தான். அமெரிக்காவில் 5 மில்லிகிராம் டி.எச்.சி.யை ஓர் அலகாகக் கொள்ள வேண்டும் என்ற முடிவு 2021இல்தான் வந்தது.

நம் நாட்டில்

கஞ்சா என்ற சொல்லையே உலகுக்குத் தந்த நாடு இது. கரிபியத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய இந்தியக் கூலித் தொழிலாளர்களோடு போன அந்தச் சொல் இன்றும் ஜமைக்காவில் வழங்குகிறது. ஆனால் இங்கே ஆய்வு மெலிந்திருக்கிறது. 1985இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பூவையும் பிசினையும் தடை செய்தது. இலையைத் தனியாக விட்டது. அதனால் இலையிலிருந்து செய்யும் பாங்கு வட மாநிலங்கள் சிலவற்றில் கடையில் கிடைக்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனையின் தலைமையில் நடந்து 2019இல் வெளியான தேசிய அளவிலான கணக்கெடுப்பு, ஓராண்டில் கஞ்சா இனப் பொருட்களைப் பயன்படுத்தியவர்கள் மக்கள்தொகையில் 2.8 சதவீதம், சுமார் 3.1 கோடிப் பேர் என்றது. அவர்களில் சுமார் 72 லட்சம் பேருக்கு உதவி தேவை என்றும் சொன்னது.

மதிப்புள்ள கணக்கு அது. ஆனால் ஒரு நாளில் எடுத்த புகைப்படம்போலத்தான். பத்தாண்டு கழித்து அவர்கள் எங்கே நிற்பார்கள் என்பதை அது காட்டாது. டனீடின் செய்ததை நாம் செய்யவில்லையென்றால், குளிர்நாட்டில் வீரியக் கஞ்சா புகைத்தவர்களின் முடிவைப் பாங்கு குடிக்கும் காசிக்காரருக்கும் பொட்டலம் வாங்கும் சென்னை இளைஞருக்கும் அப்படியே பொருத்திக்கொண்டிருப்போம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து ‘ஆபரேஷன் கஞ்சா வேட்டை’ நடத்தி, கைப்பற்றிய கிலோக்களின் கணக்கைக் காவல்துறை வெளியிட்டது. அந்தப் பொட்டலத்தில் டி.எச்.சி. எவ்வளவு என்பது வாங்கிய இளைஞனுக்கும் தெரியாது, அவனை மருத்துவமனைக்கு அழைத்துவரும் தாய்க்கும் தெரியாது. கைப்பற்றிய சரக்கின் வீரியத்தைச் சோதித்துப் பொதுவில் வைப்பதும், பள்ளி வயதிலிருந்து சில ஆயிரம் பிள்ளைகளைப் பெயர் வெளியிடாமல், தண்டனை அச்சமில்லாமல் தொடர்வதும் ஓர் அரசால் முடியாத காரியங்கள் அல்ல. அமெரிக்காவில் 9, 10 வயதுள்ள ஏறக்குறைய 11,900 பிள்ளைகளை, அவர்கள் எந்தப் போதைப் பொருளையும் தொடும் முன்பே சேர்த்துக்கொண்டு தொடரும் ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

தீர்ப்பு

இத்தனையையும் எடைபோட்ட பிறகு, கையில் நிற்கும் முடிவுகள் சில உள்ளன. பதின்வயதில் தொடங்குவது ஆபத்து. தினமும் பயன்படுத்துவது ஆபத்து. வீரியமானது கூடுதல் ஆபத்து. குடும்பத்தில் மனநோய் இருந்தவர் தொடவே கூடாது. கருவுற்றிருக்கும்போது புகைத்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கும் வாய்ப்பு உண்டு. போதையில் வண்டி ஓட்டினால் விபத்து வாய்ப்பு கூடும். இந்த ஆறும் பல நாடுகளில், பல முறைகளில், எதிரெதிர் நோக்கமுள்ளவர்கள் சோதித்தும் நின்றவை. மருந்துப் பயன் சில நோய்களில், அளந்து கொடுக்கும்போது மட்டும் உண்டு. எப்போதாவது தொட்ட ஒருவரின் வாழ்க்கை அதனாலேயே அழிந்துவிடும் என்பதற்கும், எந்தக் குற்றத்துக்கும் கஞ்சா ஒன்றே காரணம் என்பதற்கும் ஆய்வில் இடமில்லை.

செய்தி எழுதுகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘கஞ்சா போதையில்’ என்று எழுதுமுன் ரத்தமோ சிறுநீரோ சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். சிறுநீரில் டி.எச்.சி.யின் எச்சம் போதை தெளிந்து பல நாள் கழித்தும் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளிடம் பொய் மிரட்டல் சொல்ல வேண்டாம். மிகைப்படுத்திய ஒன்று பொய்யென்று தெரிந்த நாளில், நாம் சொன்ன உண்மைகளையும் அவர்கள் நம்ப மாட்டார்கள். உண்மையே போதிய அளவுக்கு அச்சம் தருவதுதான்.

1892இன் அந்த 222 பேரில் 124 பேரின் நோய்க்கு நியாயமில்லாமல் கஞ்சா காரணமாக எழுதப்பட்டிருந்தது. மீதி 98 பேருக்குக் கஞ்சாவைக் காரணமாகச் சொல்ல நியாயம் இருந்தது. 124ஐ மறந்தவர்கள் கஞ்சாவின் மேல் எல்லாப் பழியையும் போடுகிறார்கள். 98ஐ மறந்தவர்கள் அதை மூலிகை என்று விற்கிறார்கள். இரண்டு எண்களையும் சேர்த்து நினைவில் வைத்திருப்பவரே இந்த விஷயத்தில் பேசத் தகுதியுள்ளவர்.